தலைவரின் கணவருக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன்.  

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். நீ இருந்த பரபரப்பில் எதுவும் உன் காதில் தங்கியிருக்காது. எழுத்தில் இருந்தால் இன்னொரு தடவை எடுத்துப் படிப்பாய். உன் வீட்டுக்காரியும் படிக்கட்டும். அவளுக்குத் தெரியக்கூடாதது இதில் எதுவும் இல்லை.

ஊராட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் இந்தத் தடவையும் அவளை ஜெயிக்க வைக்க வேண்டும், அதற்கு நீ என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு, யார் யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு பணம் புரட்ட வேண்டும் என்றெல்லாம் விவரமாகச் சொன்னாய். அவ்வளவு நேரம் பேசியதில் அவள் மறுபடி நிற்க விரும்புகிறாளா என்பது மட்டும் வரவேயில்லை. முதலில் அதைக் கேள். சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று கேட்காதே. உட்கார வைத்துக் கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை நீ பேசாதே.

அவள் என்ன சொல்வாள் என்று நீயாக முடிவு செய்துகொள்ளாதே. 2020 ஜனவரி 6ஆம் தேதி ஊராட்சித் தலைவராகப் பதவியேற்றாள். மூன்றாம் மாதமே கொரோனா வந்துவிட்டது. ஊரெல்லாம் வீட்டுக்குள் இருந்தபோது, அந்தப் பிள்ளை முகக்கவசத்தோடு தெருத்தெருவாக பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லிக்கொண்டும், கபசுரக் குடிநீர் காய்ச்ச ஆள் தேடிக்கொண்டும் அலைந்தாள். அந்த வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபைக்கு எல்லா ஏற்பாடும் செய்தபிறகு, கூட்டம் ரத்து என்று உத்தரவு வந்தது. அப்படித் தொடங்கியவள் 2025 ஜனவரி 5ஆம் தேதி பதவிக்காலம் முடிந்து சாவியை ஒப்படைத்தாள். பிறகு ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. அதன்பின் அவள் நிம்மதியாகத் தூங்கினாளா, அல்லது தெருவிளக்கு எரியாததைப் பார்த்துப் பார்த்துத் தவித்தாளா என்பது கூடவே இருக்கும் உனக்குத்தான் தெரியும். போதும் என்று அவள் சொன்னால், போதும்தான். அப்போது நீ ஊருக்கு முன்னால் அவளுக்காக நின்று, 'அவங்க முடிவு இது' என்று சொல்ல வேண்டும். அதுவும் துணை நிற்பதுதான்.

வேண்டும் என்று சொன்னால் மேலே படி.

நான் 1996இல் தலைவரானேன். அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தத்துக்குப் பிறகு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கித் தமிழ்நாட்டில் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் அது. என்னை ஊருக்குத் தெரியாது. உன் மாமாவைத் தெரியும், என் மாமனாரைத் தெரியும், எங்கள் வீட்டைத் தெரியும். அந்த ஓட்டு எனக்கு விழுந்ததாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. 2001இல் மறுபடி நின்றபோது நிலைமை வேறு. 'இந்தம்மா வந்தபிறகு எங்க தெருவுக்குத் தண்ணி வந்துச்சா இல்லையா' என்று கேட்டார்கள். முதல் தேர்தலில் குடும்பத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். இரண்டாம் தேர்தலில் ஆளைப் பார்த்துத்தான் போடுவார்கள். இதை நீ மனதில் நன்றாக வாங்கிக்கொள், ஏனென்றால் 2019 டிசம்பரில் நீ செய்த வேலையை அப்படியே திரும்பச் செய்யலாம் என்று நினைக்கிறாய். அப்போது உன் பேரைச் சொல்லி ஓட்டுக் கேட்டீர்கள். ஊருக்கு அவள் யாரென்று தெரியாததால் அது தேவைப்பட்டது. இப்போது அவள் ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். இப்போதும் உன் பேரை முன்னால் வைத்தால், அந்த ஐந்து வருஷத்தையும் நீயே அழிக்கிறாய்.

மனம் வருந்தினாலும் பரவாயில்லை என்று ஒன்று சொல்கிறேன். போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதியிருந்த தலைவர் போன் நம்பரைப் பார்த்தேன். அது உன் நம்பர். மோட்டார் ஓடவில்லை என்றால் டேங்க் ஆபரேட்டர் உன்னைக் கூப்பிடுகிறான். வீட்டு வரி ரசீது வேண்டுமென்றால் உன்னைப் பார்க்கிறார்கள். டீக்கடையில் உன்னைத் 'தலைவரே' என்று கூப்பிட்டபோது நீ திரும்பிப் பார்த்தாய். உனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் எல்லா போனையும் எடுக்க முடியாது என்று உதவியாகத்தான் தொடங்கியிருப்பாய். ஆனால் ஊர் என்ன கணக்குப் போடும்? வேலை நடந்தால் அவர் செய்தார் என்பார்கள். நடக்காவிட்டால் அந்தம்மா சரியில்லை என்பார்கள். ஓட்டுச்சீட்டில் இருக்கப் போவது அவள் பெயர். நல்ல பெயர் முழுக்க உன் கணக்கிலும் கெட்ட பெயர் முழுக்க அவள் கணக்கிலும் சேர்ந்தால், அவள் எதைக் காட்டி ஓட்டுக் கேட்பாள்?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. வடமாநிலங்களில் சர்பஞ்ச் என்னும் பெண் ஊராட்சித் தலைவர்களின் கணவர்களே ஊராட்சியை நடத்துவது பற்றி உச்ச நீதிமன்றம்வரை வழக்குப் போனது. 2023 ஜூலையில், இதை அரசுதான் கவனிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒரு குழு போட்டது. 2025 பிப்ரவரியில் வெளிவந்த அந்தக் குழுவின் அறிக்கை, மனைவியின் பதவியைக் கணவனோ உறவினரோ நடத்தினால் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சட்டமாக வரட்டும், வராமல் போகட்டும். ஒரு பெண்ணுக்கு ஊர் கொடுத்த நாற்காலியில் வீட்டுக்காரன் உட்காருவது தவறு. அதை நான் 1996இலும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

எத்தனையோ பெண் தலைவர்களை எனக்குத் தெரியும். ஒன்றியத்தில் கூட்டத்துக்கு வருவார்கள், தேநீர் வரும், கையெழுத்துப் போடுவார்கள், வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருக்கும் கணவரோடு போய்விடுவார்கள். என்ன தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டோம் என்று அவர்களுக்கே தெரியாது. தணிக்கை வரும்போதுதான் தெரியும். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். எங்கள் காலத்தில் செக் புத்தகம். இப்போது நிதிக்குழுப் பணத்துக்குக் கம்ப்யூட்டரில் டிஜிட்டல் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக் கருவி அவள் பீரோவில் இருக்க வேண்டும், உன் சட்டைப்பையில் இருக்கக்கூடாது. அவள் போனுக்கு வரும் ஓ.டி.பி.யை நீ வாங்கிச் சொல்லாதே. கணக்கில் கோளாறு என்று வந்தால், ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவில் கலெக்டர் அனுப்பும் நோட்டீஸ் அவள் பெயருக்குத்தான் வரும். அங்கே போய் 'வீட்டுக்காரர்தான் பார்த்துக்கிட்டாரு' என்று அவள் சொல்ல முடியாது.

ஆகவே தேர்தலுக்கு முன்னால் நீ செய்ய வேண்டிய முதல் வேலை, முன்னாலிருந்து விலகுவது. உன்னைத் தேடி வருகிறவர்களிடம், 'அவங்ககிட்டயே சொல்லுங்க, உள்ளேதான் இருக்காங்க' என்று சொல்லி அழைத்துப் போய் உட்கார வை. பத்து நாள் செய்து பார். பதினோராம் நாள் அவர்களே அவளைக் கேட்பார்கள்.

அப்படி விலகி நின்ற ஒரு கணவரைச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஏஞ்சலா மெர்க்கல் 2005இல் ஆட்சித் தலைவரானார். அவருடைய கணவர் யோவாகிம் சாவர் வேதியியல் பேராசிரியர். அந்தப் பதவியேற்பு விழாவுக்கே அவர் போகவில்லை, தொலைக்காட்சியில் பார்த்தார். மனைவி 2009இலும் 2013இலும் மறுபடி ஜெயித்தபோதும் போகவில்லை. நான்காம் முறை, 2018இல்தான் முதன்முதலாக அந்த மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த அளவுக்கு நீ ஒதுங்கினால் நம் ஊரில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று பேசுவார்கள். அவளோடு போ, வா. ஆனால் அந்த மனிதர் தன் வேலையைத் தான் பார்த்தார், மனைவியின் வேலையை மனைவியே பார்க்க விட்டார். பதினாறு வருஷம் அவர் மனைவி ஆட்சியில் இருந்தார். அதை எண்ணிப் பார்.

அடுத்தது பணம். இதில்தான் எனக்கு உன்மேல் அதிகம் பயம்.

2019 தேர்தலில் கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்கு ஒரு வேட்பாளர் செலவழிக்கலாம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த உச்சவரம்பு 34,000 ரூபாய். நம் பக்கத்தில் அதைப்போல எத்தனை மடங்கு இறைக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். போனில் நீ சொன்ன தொகையைக் கேட்டு எனக்கு நெஞ்சு படபடத்தது. அதை எங்கிருந்து எடுப்பாய்? நகையை அடகு வைப்பாய், பற்றாததற்கு ரோடு காண்டிராக்டரிடம் கேட்பாய். அவர் சிரித்த முகத்தோடு கொடுப்பார். வட்டிகூட வேண்டாம் என்பார்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தலைவருக்கு அரசு தரும் மதிப்பூதியம் மாதம் 1,000 ஆக இருந்து 2,000 ஆக உயர்ந்தது. ஐந்து வருஷம் முழுவதும் 2,000 என்றே வைத்துக்கொள். மொத்தம் 1,20,000 ரூபாய். அதற்குள் அவள் ஒன்றிய அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் போய்வர பெட்ரோல், வருகிறவர்களுக்கு டீ, கல்யாணம் காதுகுத்துக்கு மொய், இழவு வீட்டுக்கு மாலை. நேர்மையாக இருந்தால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அப்படியானால் பத்து லட்சம் கடனை எதிலிருந்து அடைப்பாய்? சிமெண்டு ரோட்டின் கனத்தில் குறைத்துத்தான் அடைக்க முடியும். நீ கடன் வாங்கிய அன்றே அவள் கையெழுத்து விற்றுப்போகிறது. அவளுக்குத் தெரியாமலேயே. இப்படி ஒரு கணவன் தன் மனைவியை ஜெயிக்க வைப்பதைவிட அவள் தோற்பது எவ்வளவோ மேல்.

2001இல் என்னையும் பார்க்க ஒருவர் வந்தார். நான் வீட்டில் இல்லை. உன் மாமாவிடம் ஒரு மஞ்சள் பையை நீட்டியிருக்கிறார். மாமா அதைத் தொடவில்லை. 'அவ கையெழுத்துப் போடுற பில்லுல உங்க பேரு இருக்கு, அதனால உங்ககிட்ட தண்ணிகூட வாங்கிக் குடிக்க முடியாது' என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு இதை அன்று சொல்லவில்லை. ஓட்டு எண்ணி முடிந்தபிறகுதான் சொன்னார். என்னைக் கேட்டுத்தான் மறுக்க வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்தப் பையை அவர் வாங்கியிருந்தால் எனக்கு எத்தனை பேரிடம் வாய் மூடிப்போயிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

உன் மாமாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை, மில்லில் ஷிப்டு வேலை. நான் தலைவரான முதல் மாதத்திலேயே காலை ஆறு மணிக்கு வாசலில் ஆள் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டார். எங்கள் தெருவில் அப்படி ஓர் ஆண் செய்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. என் மாமியார் அழுதார்கள். மாமா பதில் பேசவில்லை, மறுநாளும் போட்டார். பிள்ளைகளின் பரீட்சை, மாட்டுக்குத் தீவனம், ரேஷன் கடை, எல்லாம் அவர் கைக்குப் போயின. என் கூட்டங்களுக்கு அவர் வந்ததே இல்லை. 2001இல் எனக்காக அவர் ஒரு மேடையில்கூடப் பேசவில்லை. ஆனால் எதிர்த்து நின்றவரின் வீட்டம்மாவே, 'அந்தம்மாவுக்கு அப்படி ஒரு ஆம்பள அமைஞ்சிருக்காரு, அவங்க முழு நேரமும் ஊருக்கு உழைக்க முடியும்' என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு ஈடான பிரச்சாரம் உண்டா?

உன் வீட்டில் இப்போது எப்படி? அவள் ஒன்றியக் கூட்டத்திலிருந்து மூன்று மணிக்கு வந்து, அதன்பிறகு உனக்குச் சோறு போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். சோறு வடித்து மூடித்தான் இருந்தது. உனக்குப் போட்டுச் சாப்பிடத் தெரியாதா? உன் அம்மா ஏதாவது சொல்வார்கள் என்றால் அண்ணியிடம் நான் பேசிக்கொள்கிறேன். தேர்தல் அறிவித்தபிறகு இருக்கும் நாட்கள் மிகக் கொஞ்சம். அந்த நாட்களில் சின்னவளின் பள்ளிக்கூடம், பெரியவனின் டியூஷன், அப்பாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் உன் பொறுப்பு. அவளிடம் ஒன்றையும் கேட்கக்கூடாது, 'எங்கே வைத்திருக்கிறாய்' என்றுகூட. இப்போதே பழகிக்கொள்.

மூன்றாவதாக ஒன்று. எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

பதவியில் இருந்த பெண் மறுபடி நின்றால், அவள் போட்ட ரோட்டைப் பற்றியும் பேசுவார்கள், அவள் யாரோடு போனாள் வந்தாள் என்றும் பேசுவார்கள். ஊராட்சிச் செயலரோடு வண்டியில் வந்தாள், ஒன்றிய அலுவலகத்திலிருந்து இருட்டியபிறகு திரும்பினாள் என்று தொடங்கும். எங்கள் காலத்தில் சுவரில் கரியால் எழுதினார்கள். இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். ஆண் வேட்பாளருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அப்படி ஒன்று வரும் அன்று, ஊர் அவள் முகத்தைப் பார்க்காது, உன் முகத்தைப் பார்க்கும். நீ சுருங்கினால் அது உண்மையாகிவிடும். நீ வீட்டுக்குப் போய் அவளிடம் ஒரு கேள்வி கேட்டால், ஒரே ஒரு கேள்வி, அதன்பிறகு அவள் நிமிர்ந்து எந்தத் தெருவிலும் நடக்க மாட்டாள். யார் அதைப் பேசினாலும் அவர் கண்ணைப் பார்த்து, 'என் வீட்டம்மா ஊர் வேலைக்குப் போனாங்க, எனக்குத் தெரியும்' என்று சொல். அதற்குமேல் விளக்கம் வேண்டாம், கைகலப்பும் வேண்டாம். எல்லை மீறினால் போலீஸில் எழுதிக் கொடு. மனுவில் அவள் கையெழுத்துப் போடட்டும், நீ பக்கத்தில் நில்.

இதை எழுதும்போது தாழையூத்து கிருஷ்ணவேணியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துத் தாழையூத்து ஊராட்சியின் தலைவராக இருந்த அருந்ததியர் சமூகத்துப் பெண். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். 2011 ஜூனில் இரவு வீடு திரும்பும் வழியில் அவரை வெட்டினார்கள். உயிர் பிழைத்தார். உன் வீட்டுக்காரி எதிர்கொள்வது அந்த அளவுக்குப் போகாமல் இருக்கட்டும் என்று நம் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். ஆனால் ஆக்கிரமிப்பை எடுத்திருக்கிறாள், மணல் வண்டியை மறித்திருக்கிறாள். கோபக்காரர்கள் ஊரில் இருக்கிறார்கள். பிரச்சாரம் முடிந்து ராத்திரி அவள் தனியாக வரக்கூடாது. அவளைக் கூட்டிவரப் போகிற ஆள் நீயாக இரு. கூட்டத்துக்குள் போய் உட்காராதே. தெருமுனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திரு.

அந்தக் கோபக்காரர்கள் வீட்டுக்கும் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டுமல்லவா? இங்கேதான் நீ உண்மையில் முன்னால் வரலாம். அமெரிக்காவில் 1964இல் ஜான்சன் அதிபர் தேர்தலில் நின்றார். அந்த ஜூலையில்தான் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். தென் மாநிலங்களில் வெள்ளைக்காரர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். அவருடைய மனைவி லேடி பேர்ட் ஜான்சன் அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அக்டோபரில் நான்கு நாள் ஒரு ரயிலை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் பக்கத்திலிருந்து நியூ ஆர்லியன்ஸ்வரை எட்டு மாநிலங்கள் வழியாகப் போனார். 47 இடங்களில் நின்று பேசினார். சில ஊர்களில் பேச விடாமல் கூச்சல் போட்டார்கள். அவர் இறங்கிப் போய்விடவில்லை. அந்தச் சட்டம் சரிதான் என்பதை மறைக்கவும் இல்லை. தேர்தலில் ஜான்சன் 44 மாநிலங்களை வென்றார். தெற்கே ஐந்து மாநிலங்கள் அவரைக் கைவிட்டன. அந்த அம்மாளின் பயணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கோபமாக இருக்கிறவர்களையும் மனிதராக மதித்து அவர்கள் வாசலுக்குப் போனது பெரிய காரியம்.

நீயும் அப்படிப் போ. ஆக்கிரமிப்பை எடுத்ததில் கொட்டகை இழந்தவர் உனக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி என்று சொன்னாய். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார். அவள் செய்தது தவறு என்று அவரிடம் நைசாகச் சொல்லி ஓட்டு வாங்காதே. 'அவ பண்ணது சரி, உனக்கு நஷ்டம்ங்கிறதும் எனக்குத் தெரியும்' என்று சொல். அவர் திட்டினால் கேட்டுக்கொள். ஓட்டு வருகிறதோ இல்லையோ, அந்த வாசல் திறந்திருக்கும்.

அங்கே கேட்டதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பதவியில் இருப்பவர்களைச் சுற்றி நல்லதே சொல்லும் கூட்டம் ஒன்று சேர்ந்துவிடும். காலனிக்குத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது, நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர் ஆள் பார்த்து அட்டையை எழுதினார், மேலத் தெருவுக்கு ஒரு மாதிரி கீழத் தெருவுக்கு ஒரு மாதிரி என்று பேச்சு இருக்கிறது. இதை அவளிடம் யார் சொல்வார்கள்? நீதான் சொல்ல வேண்டும். இருவர் மட்டும் இருக்கும்போது சொல். அவள் முகம் வாடும், கோபப்படுவாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பாள். சொல்லிவிட்டு, என்ன செய்யலாம் என்று அவளையே முடிவெடுக்க விடு. உன் மாமா அப்படித்தான் ஒருநாள் என்னிடம், 'காலனிப் பொம்பளைங்க உன்னைப் பத்தி நல்லபடியா பேசல, நீ அங்க போயே ஆறு மாசம் ஆகுது' என்றார். மறுநாள் போனேன். குழாயடியில் நின்று அவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டேன். அடுத்த கிராம சபையில் முதல் தீர்மானம் அந்தக் குழாய்க்குத்தான்.

ஆனால் வெளியே, நான்கு பேர் முன்னால், அவள் பேச்சைத் திருத்தாதே. கிராம சபையில் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நீ எழுந்து 'அது வந்து என்னன்னா' என்று தொடங்கிய ஒரு தடவையை நான் மறக்கவில்லை. அவள் அப்படியே நின்றுவிட்டாள். கணக்கு அவளுக்குத் தெரியும். உன்னைவிட நன்றாகத் தெரியும்.

பிரச்சார நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது உனக்கே கைவந்த வேலை. நோட்டீஸில் அவள் படம் மட்டும் போதும், உன் படம் வேண்டாம். கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் என்பதால் ஒதுக்கும் சின்னத்தைக் கொஞ்ச நாளில் ஊர் மனதில் பதிய வைக்க வேண்டும், அதற்குப் பையன்களைக் கூட்டிக்கொண்டு நீ ஓடு. ஓட்டுக்குப் பணம் கொடுக்க மாட்டோம் என்று அவள் சொன்னால், இரவில் அவளுக்குத் தெரியாமல் நீ கொடுக்கக் கூடாது. செலவுக் கணக்கை நோட்டில் அன்றன்றைக்கு எழுது. முடிவு வந்து 30 நாளுக்குள் அதை ஒப்படைக்க வேண்டும், பில் இல்லாமல் கடைசி நாளில் திண்டாடாதே.

தோற்றால்? அதையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும். யார் காலை வாரினார்கள் என்று பெயர்ப் பட்டியல் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் குமையாதே. அவளைக் கேட்காமல் யாரோடும் பேச்சை முறிக்காதே. ஜெயித்தவர் வீட்டுக்கு இருவரும் போய் வாழ்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த கிராம சபையில் அவள் சாதாரண வாக்காளராக உட்கார்ந்து வரவு செலவைக் கேட்பாள், அதற்கு அவளுக்கு முழு உரிமை இருக்கிறது. அப்போதும் அவளுக்குக் காலையில் டீ போட்டுக் கொடு. அன்றைக்குத்தான் அது இன்னும் வேண்டியிருக்கும்.

ஜெயித்தால், சுவரில் இருக்கும் உன் நம்பரை அழித்து அவள் நம்பரை எழுதிவிட்டுப் பதவியேற்புக்குப் போ. அதற்குத் தேர்தல்வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போது தனி அலுவலர் காலம் என்றாலும் ஊர்க்காரர்கள் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றாய். இன்றிலிருந்தே போனை அவளிடம் கொடு.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதே. புது வீட்டுக்கு மாறியபிறகு அவள் பெயர் வாக்காளர் பட்டியலில் நம் ஊராட்சியில் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே போய்ப் பார். பட்டியலில் பெயர் இல்லாதவர் வேட்புமனுவே கொடுக்க முடியாது.

அன்புடன்,
அத்தை